பணயமாகும் குடும்பக் கோப்புகள்

ரான்சம்வேர் என்னும் சொல் தமிழ் நாளிதழ்களின் முதல் பக்கத்துக்கு வந்தது 2017 மே மாதத்தில். அம்மாதம் 12-ஆம் தேதி பரவிய 'வான்னாகிரை' என்ற தீநிரல், ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. நமக்கு அருகில், திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் அலுவலகக் கணினிகள் சிலவும் முடங்கின. 2021 செப்டம்பரில் தமிழக அரசின் தலைமைச் செயலகத்தில் இயங்கும் பொதுத் துறையின் கணினிகள் இதே வகைத் தாக்குதலுக்கு உள்ளாயின. 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்களில் இருந்த சுமார் 1.3 டெராபைட் தகவல்கள் பூட்டப்பட்டன. நாட்டின் முதன்மையான மருத்துவமனை இரண்டு வாரங்கள் வரை காகிதத்தையும் பேனாவையும் நம்பி இயங்கியது. 2024 ஜூலை இறுதியில் ஒரு தொழில்நுட்ப நிறுவனம் தாக்கப்பட்டதால், அதைச் சார்ந்திருந்த சுமார் 300 சிறிய வங்கிகளின் பணப் பரிமாற்றம் ஒரு நாள் நின்றது.

இச்செய்திகளைப் படிக்கும் ஒரு குடும்பத் தலைவர், 'இதெல்லாம் பெரிய இடத்துச் சங்கதி; நம் வீட்டுக் கணினியில் எவன் கை வைக்கப்போகிறான்' என்று எண்ணுவது இயல்பு. கடையநல்லூரில் கணினி பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் அந்த எண்ணத்தோடு நான் உடன்படுவதற்கில்லை. என் மேசைக்குப் பூட்டிய நிலையில் வந்த கணினிகள் யாவும் வீடுகளிலிருந்தும் சிறு கடைகளிலிருந்தும் வந்தவைதாம்.

எங்கள் ஊரில் பல வீடுகளில் ஒருவரேனும் வளைகுடா நாடுகளில் உழைக்கிறார். அவர் ஊரில் இல்லாத ஆண்டுகள் முழுவதும் வீட்டுக் கணினியில்தான் சேர்கின்றன. குழந்தை தவழ்ந்தது, பள்ளி ஆண்டு விழா, தங்கையின் திருமண வீடியோ, கடைசியாக எடுத்த தாயாரின் படம், வீட்டுப் பத்திரத்தின் நகல், பழைய விசாவின் நகல் எல்லாம் அங்கேதான் கிடக்கும். சந்தையில் இவற்றுக்குக் காலணா விலை கிடையாது. ஆனால் உரியவர் இவற்றுக்கு எந்த விலையும் கொடுக்க ஆயத்தமாக இருப்பார். பணயம் கேட்பவனின் தொழிலே அந்த வேறுபாட்டில்தான் நடக்கிறது.

வீட்டுக் கணினிகளை அதிகம் பதம் பார்த்தது வான்னாகிரை அன்று. 'ஸ்டாப்' அல்லது 'டிஜேவு' என்று அழைக்கப்படும் குடும்பத்தைச் சேர்ந்த தீநிரல்கள். 2018 முதல் பரவிய இவற்றைப் பற்றிப் பெரிய தலைப்புச் செய்திகள் வந்ததில்லை. ஆனால் 2019-இல் எம்சிசாஃப்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம், உலகெங்கிலுமிருந்து வரும் ரான்சம்வேர் முறையீடுகளில் பாதிக்கு மேற்பட்டவை இந்த ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை என்றது. இது வரும் வழி, நாமே திறந்துவிடும் வழி. விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளைக் காசில்லாமல் இயக்க உதவும் 'கிராக்', 'கீஜென்', 'ஆக்டிவேட்டர்' ஆகியவற்றின் வயிற்றுக்குள் ஒளிந்துகொண்டு இது வருகிறது. திருமண ஆல்பம் வடிவமைக்க ஒரு மென்பொருள், கடைக் கணக்குக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு. பதிவிறக்கும் தளத்திலேயே 'நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடவும்' என்று குறிப்பும் இருக்கும். காவல் நாயைக் கட்டிப்போட்டுவிட்டு வா என்று திருடன் சொல்ல, நாம் அப்படியே செய்கிறோம்.

உள்ளே வந்தபின் அது என்ன செய்கிறது என்பதை அறிந்தால், மீட்பைப் பற்றிய பல மயக்கங்கள் தெளியும். திரையில் விண்டோஸ் புதுப்பிப்பு நடப்பதுபோல ஒரு போலிச் சாளரம் தோன்றும். வன்தட்டு ஓயாமல் ஓடுவதற்கு அது ஒரு சாக்கு. பின்னணியில் ஒவ்வொரு கோப்பும் பூட்டப்பட்டு, பெயரின் பின்னால் நான்கு எழுத்துகளில் ஒரு புதிய வால் ஒட்டப்படும். விண்டோஸ் தானாக எடுத்து வைத்திருக்கும் பழைய நகல்களும் அழிக்கப்படும். பாதுகாப்பு நிறுவனங்களின் இணையதளங்களைத் திறக்க முடியாதபடி கணினியின் முகவரிப் பட்டியலும் திருத்தப்படும். கடைசியில் ஒவ்வொரு கோப்புறையிலும் ஒரு கடிதம் கிடக்கும்: 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலை, 490 டாலர். ஆடித் தள்ளுபடி கெட்டது போங்கள்.

பூட்டை உடைக்க முடியாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கோயில் உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் போடலாம். எடுக்க, திறவுகோல் உடையவரால் மட்டுமே முடியும். தீநிரல் உங்கள் கோப்புகளை ஒரு சாவியால் பூட்டிவிட்டு, அந்தச் சாவியைத் தான் கொண்டுவந்த உண்டியலில் போட்டுவிடுகிறது. உண்டியலின் திறவுகோல் உங்கள் கணினிக்கு வருவதே இல்லை. அது கடல் கடந்து எங்கோ ஒருவனிடம் இருக்கிறது. 1989-இல் ஜோசஃப் பாப் என்ற உயிரியல் ஆய்வாளர், எய்ட்ஸ் பற்றிய தகவல் என்ற பெயரில் சுமார் 20,000 ஃபிளாப்பி வட்டுகளை அஞ்சலில் அனுப்பி, பனாமா நாட்டு அஞ்சல் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொன்னார். இவ்வகைக் குற்றத்தில் அதுவே முதலாவது என்பர். அவர் சாவியை நிரலுக்குள்ளேயே விட்டுவைத்திருந்ததால் வல்லுநர்கள் எளிதில் திறந்துவிட்டனர். பிற்காலத்தவர் அந்தப் பாடத்தை நன்றாகவே கற்றுக்கொண்டார்கள்.

ஆயினும் இரண்டு இடுக்குகள் உண்டு. டிஜேவு தன் தலைமையிடத்தை இணையத்தில் எட்ட முடியாத வேளைகளில், கையோடு கொண்டுவந்த ஒரே பொதுச் சாவியால் பூட்டுகிறது. கடிதத்தின் அடியில் உள்ள அடையாள எண் 'டி1' என்று முடிந்தால் பெரும்பாலும் அதுவே பொருள். அந்தச் சாவி ஒருவருக்குக் கிடைத்தால், அதே வகையால் பாதிக்கப்பட்ட அனைவருக்கும் பொருந்தும். எம்சிசாஃப்ட் 2019 அக்டோபரில் 148 வகைகளுக்கு இலவச மீட்புக் கருவியை வெளியிட்டது. இரண்டாவது இடுக்கு இன்னும் சுவையானது. விரைவாக வேலையை முடிக்க வேண்டும் என்பதற்காக இத்தீநிரல் ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட் அளவை மட்டுமே பூட்டுகிறது. ஒரு புகைப்படத்துக்கோ கடிதத்துக்கோ அதுவே போதும், கதை முடிந்தது. ஆனால் இரண்டு ஜிபி திருமண வீடியோவில் அது கடுகளவு. தலைப்பகுதி சிதைந்ததால் வீடியோ ஓடாதே தவிர, உடல் அப்படியே இருக்கிறது. அதே கேமராவில் எடுத்த வேறொரு நல்ல வீடியோவைக் காட்டித் தலைப்பகுதியை மறுபடி அமைக்கும் கருவிகள் இருக்கின்றன. பக்கத்துத் தெரு ஸ்டூடியோக்காரர் ஒருவருடைய வட்டிலிருந்து இம்முறையில் வீடியோக்களில் பாதிக்கு மேல் மீண்டன. புகைப்படங்கள் மீளவில்லை.

ஆகவே கணினி பூட்டப்பட்டது தெரிந்ததும் பதறி ஃபார்மட் செய்வதுதான் பெரும் கேடு. முதலில் இணையக் கம்பியைப் பிடுங்குங்கள், வைஃபையை நிறுத்துங்கள், செருகியிருக்கும் பென் டிரைவையும் வெளி வன்தட்டையும் கழற்றுங்கள். கோப்புகளின் பெயர்கள் கண்ணெதிரே மாறிக்கொண்டிருந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கவும் தயங்க வேண்டாம். பணயக் கடிதத்தை அழிக்காதீர்கள். எந்தத் தீநிரல் என்று கண்டறிய அதுதான் துப்பு. கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு, பூட்டிய கோப்புகளையும் கடிதத்தையும் வேறொரு வட்டில் நகலெடுத்து ஒதுக்கி வைத்துவிட்டு, கணினியில் விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே முறை. 'வைரஸை மட்டும் நீக்கிக் கொடுங்கள்' என்று சிலர் கேட்பார்கள். நீக்கிவிடலாம், ஆனால் பூட்டு திறக்காது, வேறு எது உள்ளே தங்கியிருக்கிறது என்ற ஐயமும் தீராது.

அந்த ஐயத்துக்குக் காரணம் உண்டு. டிஜேவு பல வேளைகளில் தனியாக வருவதில்லை. உலாவியில் சேமித்த கடவுச்சொற்களைத் திருடும் கூட்டாளியையும் அழைத்து வருகிறது. எனவே மின்னஞ்சல், வங்கி, சமூக ஊடகம் ஆகிய எல்லாவற்றின் கடவுச்சொற்களையும் மாற்ற வேண்டும். அதுவும் அந்தக் கணினியிலிருந்து அல்ல, தூய்மையான வேறொரு கருவியிலிருந்து. கோப்புகள் போன துக்கத்தில் இதை மறந்துவிட்டு, சில வாரங்கள் கழித்து மின்னஞ்சல் கணக்கையும் பறிகொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

பணத்தைக் கொடுத்துத் தொலைத்துவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து. அறநெறி ஒருபுறம் இருக்கட்டும். கொடுத்தால் சாவி வரும் என்பதற்கு எந்தப் பிணையும் இல்லை, வராவிட்டால் முறையிட ஓர் இடமும் இல்லை. இதைவிட எனக்குக் கவலை தருவது இடைத்தரகர்கள்தாம். 'எந்த ரான்சம்வேரையும் திறந்து தருவோம்' என்று விளம்பரம் செய்யும் நிறுவனங்கள் பெருநகரங்களில் உண்டு. அமெரிக்காவில் இப்படி 'உயர் தொழில்நுட்பத்தால்' மீட்டுத் தந்த சில நிறுவனங்கள், உண்மையில் குற்றவாளிக்கே பணயத்தைக் கொடுத்துவிட்டு வாடிக்கையாளரிடம் கூடுதலாக வசூலித்ததை 2019-இல் 'புரோபப்ளிகா' என்ற புலனாய்வு இதழ் அம்பலப்படுத்தியது. இன்னொரு கொடுமை, 2020-இல் டிஜேவுக்கான மீட்புக் கருவி என்ற வேடத்தில் 'சோராப்' என்ற வேறொரு ரான்சம்வேர் உலவியது. பூட்டிய கோப்பைத் திறக்க வந்தவர்களுக்கு மேலும் ஒரு பூட்டு! நெதர்லாந்து காவல்துறையும் யூரோபோலும் இரு பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016 ஜூலையில் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' என்ற இணையதளம் நம்பத் தக்கது. பூட்டிய கோப்பு ஒன்றையும் கடிதத்தையும் அங்கே கொடுத்தால், தீநிரலின் பெயரையும், கருவி இருந்தால் அதையும் தரும். கட்டணம் கிடையாது.

காவல்துறையிடம் போவதற்கு நம் மக்கள் தயங்குகிறார்கள். திருட்டு மென்பொருள் வைத்திருந்தது வெளியே தெரியுமே என்ற கூச்சமும் அதில் கலந்திருக்கிறது. தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். புகாரால் கோப்பு திரும்புமென்று நான் சொல்லவில்லை. திருடப்பட்ட கடவுச்சொல்லை வைத்து உங்கள் பெயரில் எவனாவது வேறு குற்றம் செய்தால், அந்தப் புகார் எண் உங்கள் பக்கம் நின்று பேசும்.

வருமுன் காப்பதில் நான் முதலிடம் கொடுப்பது ஆன்டிவைரஸுக்கு அல்ல, நகலுக்கு. ஒரு டெராபைட் வெளி வன்தட்டு ஒன்றை வாங்கி, மாதம் இருமுறை நகலெடுத்துவிட்டு, உடனே கழற்றிப் பீரோவில் வைத்துவிட வேண்டும். கழற்றி வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எப்போதும் செருகியே கிடக்கும் வட்டையும் தீநிரல் சேர்த்தே பூட்டும். கூகுள் டிரைவ் போன்றவற்றில் தானாகச் சேமிக்கும் ஏற்பாடு மட்டும் போதாது. பூட்டிய கோப்பையும் அது 'புதிய மாற்றம்' என்று கருதி மேலே அனுப்பிவிடும். பழைய பதிப்புகளை அது 30 நாட்கள் வரை வைத்திருக்கும் என்பது ஓர் ஆறுதல். ஆயிரக்கணக்கான படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பி எடுப்பவரின் பாட்டைப் பார்த்தால் அந்த ஆறுதலும் சற்றுக் குறையும். மூன்று பிரதிகள், இரண்டு விதமான இடங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது வல்லுநர்கள் சொல்லும் கணக்கு. சாரல் காலத்து ஈரமும், ஐப்பசி இடியும், அடிக்கடி ஏறி இறங்கும் மின்னழுத்தமும் உள்ள எங்கள் பக்கத்தில், ரான்சம்வேரே உலகில் இல்லையென்றாலும் இந்தக் கணக்கு தேவைதான்.

அடுத்தது புதுப்பிப்பு. வான்னாகிரை நுழைந்த ஓட்டைக்கான ஒட்டை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. தாக்குதல் நடந்தது இரண்டு மாதங்கள் கழித்து. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. நீட்டிப்பு பெறாமல் அதிலேயே இருப்பவர்கள், கூரையில் ஓடு மாற்றாமல் அடுத்த மழைக்குக் காத்திருப்பவர்கள். விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் டிஃபெண்டரில், குறிப்பிட்ட கோப்புறைகளை அனுமதியில்லாத நிரல்கள் தொடாமல் தடுக்கும் வசதி 2017-இன் இறுதியிலிருந்து இருக்கிறது. பெரும்பாலான கணினிகளில் அது அணைந்தே கிடக்கிறது. கோப்புகளின் வாலை மறைக்காமல் காட்டும்படி அமைத்துக்கொள்வதும் நல்லது. பிடிஎஃப் போலத் தோன்றும் ரசீது உண்மையில் இயங்கு நிரல் என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

கிராக் விஷயத்தில் உபதேசம் செய்ய எனக்கு விருப்பமில்லை. பல ஆயிரம் ரூபாய் ஆண்டுச் சந்தா கட்டி மென்பொருள் வாங்க ஒரு சிற்றூர் ஸ்டூடியோவால் இயலாது என்பது உண்மை. ஆனால் வீட்டுத் தேவைக்கு லிபர் ஆபிஸும் கிம்பும் தாராளமாகப் போதும்; இரண்டும் விலையில்லாதவை, முறையானவை. அரசு வழங்கிய மாணவர் மடிக்கணினிகளில் விண்டோஸோடு சிடாக்கின் 'பாஸ் லினக்ஸ்' சேர்ந்து வந்தது பலருக்கு நினைவிருக்கலாம். அதைத் திறந்துகூடப் பார்க்காமல் அழித்துவிட்டு, அந்த இடத்தில் கிராக் செய்த விளையாட்டுகளை ஏற்றிய வீடுகளே அதிகம். சந்தாவைக் கட்ட முடியாதவருக்கு 980 டாலர் கடிதம் வரும்போதுதான், 'இலவசம்' என்பதன் விலை ரூபாயில் எவ்வளவு என்று கணக்குப் போடத் தோன்றுகிறது.

பூட்டிய வட்டுகளை என்ன செய்வது என்று கேட்பவர்களிடம் தூக்கி எறிய வேண்டாம் என்கிறேன். 2016 மே மாதத்தில் 'டெஸ்லாகிரிப்ட்' கும்பல் தொழிலை மூடும்போது தலைமைச் சாவியைத் தானே வெளியிட்டது. 2020 ஏப்ரலில் 'ஷேட்' கும்பல் ஏழரை லட்சம் சாவிகளை மன்னிப்புக் கடிதத்துடன் இணையத்தில் போட்டது. எல்லாக் கும்பலுக்கும் இப்படி மனம் இரங்கும் என்று சொல்ல முடியாது. எனினும் அந்த ஸ்டூடியோக்காரரின் புகைப்பட வட்டில், தீநிரலின் பெயரையும் அடையாள எண்ணையும் தேதியையும் எழுதி ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். ஆண்டுக்கு இருமுறை கொண்டுவாருங்கள், புதிய சாவி வந்திருக்கிறதா என்று பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன்.