அமுதுபடியின் அளவு: படியிலிருந்து கிலோவுக்கு

தஞ்சைப் பெரிய கோயிலில் நெல்லை அளந்த மரக்காலுக்கு இறைவனின் திருநாமமே இடப்பட்டிருந்தது. இராஜராஜ சோழனின் கல்வெட்டுகள் அதனை 'ஆடவல்லான்' என்று குறிக்கின்றன. பொன்னை நிறுத்த கல்லுக்கும் அதே பெயர்தான். அளப்பதும் நிறுப்பதும் அவன் சாட்சியாகவே நடந்தன.

சோழர் காலக் கல்வெட்டுகளில் திருவமுதுக்கான நிவந்தங்களைக் கூர்ந்து நோக்கினால் ஒரு நுட்பம் புலப்படும். அரிசி, பருப்பு, நெய், தயிர் ஆகியவற்றுக்கு நாழி, உரி, உழக்கு, ஆழாக்கு என்று முகத்தலளவை கூறப்படும். சர்க்கரைக்கும் புளிக்கும் 'பலம்' என்னும் நிறுத்தலளவை வரும். கட்டியாகவும் பிசுக்காகவும் உள்ள பொருள் பாத்திரத்தில் ஒருபோல் அமராது என்பதை அக்கால மடைப்பள்ளியார் நன்கு அறிந்திருந்தனர்.

இந்த நுட்பத்தை மறந்ததால் இன்று பல இல்லங்களில் சங்கடம் நேர்கிறது. பாட்டனார் காலத்துக் கட்டளைக் குறிப்பில் 'அரிசி ஒரு படி, பருப்பு கால் படி, வெல்லம் இரண்டு படி, நெய் ஓர் உழக்கு' என்று இருக்கும். கடையிலோ எல்லாம் கிலோக் கணக்கு. எடைகளையும் அளவைகளையும் நாடு முழுதும் ஒருமைப்படுத்தும் சட்டம் 1956-ல் இயற்றப்பட்டபின் படியும் மரக்காலும் படிப்படியாகவே விடைபெற்றன. இப்போது பேரப்பிள்ளைகள் 'ஒரு படிக்கு இத்தனை கிலோ' என்று ஒரே எண்ணை வைத்துக்கொண்டு எல்லாப் பொருளையும் பெருக்கிவிடுகிறார்கள். விளைவு, வெல்லம் மிஞ்சித் தெவிட்டும் பொங்கல். பெருமாள் பொறுத்துக்கொள்வார், பிரசாதம் வாங்கியவர்கள் முகம் சுளிப்பார்கள்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அதே பாத்திரத்தில் தலைதட்டிய பச்சரிசி ஏறத்தாழ 800 முதல் 850 கிராம்தான் நிற்கும். நெய் 900 கிராமுக்குச் சற்று மேல். அவலோ மிகவும் இலேசு. மெல்லிய அவலுக்கும் கெட்டி அவலுக்கும்கூட எடை வேறுபடும். வெல்லத்தின் கதை இன்னும் விசித்திரமானது. உடைத்த கட்டிகளுக்கிடையே காற்று நிறைந்திருக்கும். பொடித்து அழுத்தினால் அதே படியில் கூடுதலாக ஏறும். ஆகவே குறிப்பில் உள்ள 'இரண்டு படி வெல்லம்' கட்டியா, பொடியா என்பது தெரியாமல் எந்தக் கணக்கும் நிற்காது.

படியே ஊருக்கு ஊர் வேறு. பழைய வாய்பாட்டில் இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. ஆனால் ஒரு வட்டாரத்தின் படி மற்றொன்றின் படியோடு ஒத்துப்போவதில்லை. புத்தகத்தில் காணும் எண்ணைவிட வீட்டுப் பரணில் கிடக்கும் பித்தளைப் படியே நம்பத்தக்க ஆதாரம்.

அதனைத் துலக்கி, வெறும் படியை முதலில் எடைபோட வேண்டும். பின் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி நிறுத்து, வெறும் எடையைக் கழித்தால் படியின் கொள்ளளவு மில்லிலிட்டரில் கிடைத்துவிடும். நன்கு துடைத்து உலர்த்திய பிறகு அரிசி, பருப்பு, வெல்லம் என ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து நிறுக்க வேண்டும். மளிகைக் கடைத் தராசே போதும். எத்தனை முறை அளந்தாலும் முதல் படியை 'ஒன்று' என்னாமல் 'லாபம்' என்றே எண்ணிப் பழகியவர்கள் அவ்வாறே எண்ணலாம். தராசுக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

இன்னொன்று, பெரியவர்கள் மட்டுமே சொல்லக்கூடியது. அந்த இல்லத்தில் படியைத் தலைதட்டி அளந்தார்களா, கோபுரமாகக் குவித்து அளந்தார்களா? சுவாமிக்கு அளக்கும்போது தலைதட்டக் கூடாது என்று வைத்திருந்த குடும்பங்கள் உண்டு. குவித்த அரிசி படிக்குப் படி கைப்பிடி கூடும். பத்துப் படித் தளிகையில் அது பத்துக் கைப்பிடி. எனவே நிறுக்கும் நாளில் படியை நிரப்ப வேண்டியவர் பேத்தி அல்லர், பாட்டியே. அவர் கைப்பழக்கப்படி நிரப்பியதை நிறுத்து, கட்டளைக் குறிப்பின் ஓரத்திலேயே கிராமில் எழுதி, தேதியிட்டு, குறிப்பைப் பூஜை அறையில் வைத்துவிடலாம்.