தீயில் திறக்கும் விதைகள்



அமெரிக்காவின் யெலோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1988ஆம் ஆண்டு கோடையில் பெருங் காட்டுத்தீ மூண்டது. ஆயிரக்கணக்கான தீயணைப்பாளர்கள் போராடியும் அது அடங்கவில்லை. செப்டெம்பரில் பெய்த பனியே அதனைத் தணித்தது. பூங்காவின் மூன்றிலொரு பங்குக்கும் அதிகமான நிலம் தீயின் பிடியில் அகப்பட்டது. பூங்கா அழிந்துவிட்டதெனப் பலர் கலங்கினர்.

ஆனால், அங்கே நிறைந்திருந்த லொட்ஜ்போல் எனும் பைன் மரங்கள் பல, பிசினால் இறுக மூடப்பட்ட காய்களுக்குள் தம் விதைகளை ஆண்டுக்கணக்காகக் காத்து வைத்திருந்தன. காற்றிலும் மழையிலும் திறவாத அக்காய்களைத் தீயின் வெப்பம் திறந்தது. பிசின் உருகியது, செதில்கள் விரிந்தன, விதைகள் சாம்பலில் உதிர்ந்தன. நிழல் நீங்கிய நிலத்தில் சூரிய ஒளி தாராளமாக விழுந்தது. 1989ஆம் ஆண்டிலேயே கரிந்த மரங்களின் அடியில் இளங்கன்றுகள் முளைத்தெழுந்தன. இவ்வாறு எரிந்த காடுகளைத் தேடி, கரிந்த மரத்தில் முட்டையிடும் வண்டுகளும், அவற்றின் புழுக்களை உண்ணும் கருமுதுகு மரங்கொத்தியும் வருகின்றன.

இதைக் கொண்டு, துன்பமெல்லாம் நன்மையே என அவசரப்பட்டு முடிவு செய்யலாகாது. தாய்மரம் உண்மையாகவே எரிந்து மாண்டது. போரிலும் இடப்பெயர்விலும் பிள்ளைகளை இழந்த பெற்றோரிடம் அவ்வாறு சொல்ல நமக்கு உரிமையில்லை. உயிர்ப்பு தாமே என அறிவித்த நம் ஆண்டவரும், இலாசரின் கல்லறைக்குச் செல்லும் வழியில் கண்ணீர் சிந்தினார்.

நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. தீ விதையைப் படைக்கவில்லை, திறந்தது மட்டுமே. அவ்விதை அமைதியான ஆண்டுகளில் உருவானது. பாபிலோனின் தீச்சூளை முன் நின்ற மூன்று இளைஞரும் அந்த நேரத்தில் விசுவாசத்தைத் தேடிக்கொள்ளவில்லை. அரசனின் உணவை விலக்கி, மரக்கறி உண்டு வாழ்ந்த நாள்களிலேயே அது அவர்களுள் வேரூன்றியிருந்தது.

அன்பான பெற்றோரே! மாலையில் குடும்பமாகச் சொல்லும் செபமாலையும், பிள்ளைகள் சலிப்போடு மனனம் செய்யும் மறைக்கல்விப் பாடமும், ஞாயிறு திருப்பலியும் இன்று பயனற்றவை போலத் தோன்றலாம். மூடிய காயும் அவ்வாறே தோன்றும். நாளை அவர்கள் தொலைதூர நாட்டில் தனித்து நிற்கையில், நோயோ இழப்போ அவர்களைச் சுடுகையில், நீங்கள் இட்ட விதை திறக்கும். எனவே சோர்ந்துவிடாதீர்கள், இன்றிரவும் பிள்ளைகளோடு முழந்தாளிடுங்கள்.

ஆண்டவரே, அமைதியின் நாள்களில் எம் இல்லங்களில் விசுவாசத்தை வளர்த்தருளும். சோதனையின் நாளில் அது முளைத்தெழச் செய்தருளும். ஆமென்.