இடங்காட்டிக் கருவியின் திரையைப் பேணுதல்

கையடக்க ஜீ.பி.எஸ். கருவியால் காணியை அளக்கும் கமக்காரர், அதன் திரையைக் கீறல் விழாது பேணுதல் அவசியமாகும். கீறுண்ட திரையில், வெயிலில் இலக்கங்கள் தெளிவாகப் புலப்படா. 0.3 ஏக்கரை 0.8 ஏக்கரென வாசிப்பவர், வேண்டிய பசளையின் இரு மடங்கிற்கு மேலாக இட நேரும். பணமும் பயிரும் பாழாகும்.

கீறலுக்கு முதற் காரணம் மணலாகும். கடற்கரை மணலாயினும், வயல் மணலாயினும், பெரும்பாலும் குவாட்சு என்னும் படிகமே. மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் குவாட்சு 7. சாதாரண கண்ணாடி ஏறக்குறைய 5.5, பிளாஸ்டிக் அதனினும் மென்மையானது. உமியிலும் வைக்கோலிலும் சிலிக்கா நிறைந்திருத்தலால் அவையும் திரையைக் கீறவல்லன.

கவனிக்க வேண்டியவை:

1. தூசு படிந்த திரையைச் சாரத்தின் தலைப்பால் தேய்த்தலாகாது. நீர் புகாத கருவியாயின் நன்னீரால் கழுவுக. ஏனையவற்றின் தூசை மென்தூரிகையால் நீக்குக. பின்னரே ஈரப் பருத்தித் துணியால் ஒற்றுக.

2. கைபேசித் திரைக்கான மெல்லிய காப்புத்தாளைத் திரையின் அளவுக்கு வெட்டி ஒட்டுக. உலோக மூடி ஆகாது. அது செய்மதிச் சைகையைத் தடுக்கும்.

3. கத்தி, திறப்பு, நாணயம் உள்ள பையில் கருவியை வைத்தலாகாது.

4. 'டீட்' கலந்த நுளம்பு விரட்டி சில பிளாஸ்டிக் வகைகளைக் கெடுக்கும். அதைப் பூசியபின் கைகழுவியே கருவியைத் தொடுக.

ஆழமாகக் கீறுண்ட திரையை மீட்டல் அரிது. வருமுன் காத்தலே சிக்கனமாகும்.