இறையியல் படிக்க விருப்பமா? விண்ணப்பம் உங்கள் சபையில் தொடங்குகிறது

"ஏங்கண்ணு, பி.காம். முடிச்சு வேலைக்கும் போயாச்சு. மறுக்கா நாலு வருசம் படிக்கோணுமா?"

திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஒரு தாய் மகனிடம் கேட்ட கேள்வி இது. அவர் குரலில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. மகன் கையில் இருந்தது ஓர் இறையியல் கல்லூரியின் விண்ணப்பப் படிவம். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ் எல்லாம் தயாராக இருந்தன. நிரப்பப்படாமல் இருந்தவை இரண்டே இடங்கள். ஒன்று, 'உங்கள் அழைப்பைப் பற்றி எழுதுக' என்று விடப்பட்ட வெற்றுப் பக்கம். மற்றொன்று, சபையின் பரிந்துரைக்கான இடம்.

பட்டம் முடித்த பிறகு ஆயர் பணிக்கோ இறையியல் ஆய்வுக்கோ போக நினைக்கும் கொங்கு நாட்டு இளைஞர்கள் பலர் இந்த இரண்டு இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் கலந்தாய்வு, கட்-ஆஃப் என்று வழிகாட்ட ஊரெல்லாம் ஆட்கள் இருக்கிறார்கள். இந்தப் படிப்புக்கு வழி கேட்க ஆயர் வீட்டைத் தவிர வேறு வாசல் தெரிவதில்லை. அந்த வாசலிலிருந்தே தொடங்குவோம்.

என்ன படிப்பு இது?

சி.எஸ்.ஐ., லுத்தரன், மெத்தடிஸ்ட் போன்ற சபைகளில் ஆயராக விரும்புவோர் பெரும்பாலும் படிப்பது பி.டி. எனப்படும் இறையியல் பட்டம். ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர்களுக்கு இது பொதுவாக நான்கு ஆண்டுப் படிப்பு. அதற்கு மேல் எம்.டிஎச். இரண்டு ஆண்டு, பிறகு ஆய்வுப் பட்டம்.

வேதாகமத்தை மட்டும் நான்கு ஆண்டு வாசிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பாடத்திட்டம் அதைவிட விரிந்தது. பழைய ஏற்பாட்டுக்கு எபிரேயம், புதிய ஏற்பாட்டுக்குக் கிரேக்கம் அறிமுகமாகின்றன. சபை வரலாறு, இந்து சமயம், இஸ்லாம் போன்ற பிற சமயங்கள், சமூகப் பகுப்பாய்வு, மனநல ஆலோசனை, பிரசங்கக் கலை எல்லாம் உண்டு. விடுமுறையிலும் வார இறுதியிலும் சபைகளில் களப்பணி இருக்கும்.

இந்தியாவில் இப்படிப்புகளில் பெரும்பகுதி, பட்டம் வழங்கும் அமைப்பான செராம்பூர் செனட்டின் கீழ் நடக்கிறது. கல்கத்தா அருகே செராம்பூரில் 1818-ல் வில்லியம் கேரி, ஜோஷுவா மார்ஷ்மன், வில்லியம் வார்ட் ஆகியோர் ஒரு கல்லூரி தொடங்கினர். செராம்பூர் அப்போது டென்மார்க்கின் ஆளுகையில் இருந்தது. 1827-ல் டேனிஷ் மன்னர் ஆறாம் ஃபிரடெரிக் அக்கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமையைச் சாசனமாகக் கொடுத்தார். 1918-ல் வங்காள சட்டமன்றம் இயற்றிய செராம்பூர் கல்லூரிச் சட்டம் இன்றைய செனட்டுக்கு வழி திறந்தது.

நம் தரங்கம்பாடியும் அதே டேனிஷ் ஆளுகையில் இருந்த ஊர்தான். 1706-ல் அங்கே வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, 1716-ல் உள்ளூர் ஊழியர்களைப் பயிற்றுவிக்க ஒரு பள்ளி தொடங்கினார். 1733-ல் அங்கே குருப்பட்டம் பெற்ற ஆரோன், தமிழ் லுத்தரன் சபையின் முதல் தமிழ் ஆயர். ஆயருக்குப் படிப்பு வேண்டும் என்பது தமிழ் மண்ணில் முந்நூறு ஆண்டுப் பழக்கம்.

எங்கே படிக்கலாம்?

கோவையிலிருந்து போகிறவர்களுக்கு நெருக்கமான பெயர், மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி. 1969-ல் உருவான இக்கல்லூரி, இறையியலைத் தமிழிலேயே கற்பிக்க முனைந்ததில் முன்னோடி. 'பரட்டை' என்று அறியப்பட்ட தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையையும் தலித் மக்களின் வாழ்வையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தது இங்கிருந்துதான். ஆங்கிலத்தில் தயங்கும் கிராமத்து மாணவருக்கு இது பெரிய வாய்ப்பு.

சென்னை கீழ்ப்பாக்கத்தில் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியும், பெங்களூருவில் 1910 முதல் இயங்கும் ஐக்கிய இறையியல் கல்லூரியும், திருவனந்தபுரம் கண்ணம்மூலையில் கேரள ஐக்கிய இறையியல் கல்லூரியும் இருக்கின்றன. சுவிசேஷச் சபைகளைச் சேர்ந்தவர்கள் ஆசிய இறையியல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளையும் நாடுகிறார்கள்.

கத்தோலிக்கருக்கு வழி வேறு. குருவாக விரும்புபவர் பங்குத்தந்தை மூலம் மறைமாவட்டத்தையோ ஒரு துறவற சபையையோ அணுகுவார். பிறகு குருமடத்தில் மெய்யியல், இறையியல், இடையே களப்பணி என்று நீண்ட பயணம். படிவத்தைவிட, ஆண்டுக்கணக்கில் உடனிருந்து கவனிப்பதே அங்கே தேர்வு.

யார் அனுப்புகிறார்கள்?

படிவத்தில் மிக முக்கியமான கேள்வி இதுதான். இறையியல் கல்லூரிகளில் இரண்டு விதமாகச் சேரலாம். பேராயரின் பொறுப்பில் உள்ள திருமண்டலமோ சபையோ அனுப்பும் மாணவராகச் சேர்வது ஒன்று. சொந்தப் பொறுப்பில் சேர்வது மற்றொன்று. இரண்டாவது வழியில் பட்டம் கிடைக்கலாம். படித்து முடித்ததும் சபையில் பணி கிடைக்கும் என்ற உறுதி கிடையாது. சேர்ந்த பிறகு இதை அறிந்து நொந்து போனவர்கள் உண்டு.

சி.எஸ்.ஐ. கோவைத் திருமண்டலத்தையே எடுத்துக்கொள்வோம். லண்டன் மிஷனைச் சேர்ந்த ஆடிஸ் 1830-ல் கோவையில் பணி தொடங்கினார். 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. 1950-ல் கோவை தனித் திருமண்டலமானது. இதுபோன்ற திருமண்டலத்தில் ஆயர் பணிக்கு வர விரும்புபவர் முதலில் தன் சபையில் அறியப்பட்டவராக இருக்க வேண்டும். ஓய்வுநாள் பள்ளி, வாலிபர் சங்கம், பாடகர் குழு, வீட்டு ஜெபக்கூட்டம் என்று எங்கேனும் அவர் உழைத்ததை நாலு பேர் பார்த்திருக்க வேண்டும். சேகரத்தின் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள சபைப் பகுதியின்) ஆயர் பரிந்துரைப்பார். சேகரக் குழு அதை ஏற்கும். பிறகு திருமண்டல அளவில் நேர்காணல், இறுதியில் பேராயரின் ஒப்புதல். விவரங்கள் திருமண்டலத்துக்குத் திருமண்டலம் மாறும். ஆனால் ஏணி கீழிருந்து மேலே போவது எங்கும் ஒன்றுதான்.

ஆகவே படிவம் வாங்குவதற்கு ஓரிரு ஆண்டுக்கு முன்பே ஆயரிடம் மனம் திறந்து பேசிவிடுவது நல்லது. கடைசி வாரத்தில் கையெழுத்துக்கு ஓடினால், கடிதம் கிடைக்கலாம். அதில் எழுத ஆயருக்கு ஒன்றும் இருக்காது. இந்தப் படிப்புக்கு ஒருவர் தனியாக விண்ணப்பிப்பதில்லை. அவர் பெயரில் ஒரு சபையே விண்ணப்பிக்கிறது.

அந்த வெற்றுப் பக்கம்

திருப்பூர் இளைஞர் அழைப்புக் கட்டுரையை முதலில் எழுதியபோது, "சிறுவயது முதலே ஆண்டவர் என்னைத் தம் பணிக்கென்று பிரித்தெடுத்தார்" என்று தொடங்கினார். அதில் பொய் இல்லை. ஆனால் இன்னொருவர் பெயரைப் போட்டாலும் அது அப்படியே பொருந்தும். அவருடைய ஆயர் படித்துவிட்டு, "இது சரிங்க தம்பி. உங்களுக்கு நடந்தது எங்கே?" என்றார்.

இரண்டாம் முறை எழுதியது வேறாக இருந்தது. கம்பெனியில் பவர் டேபிளில் தைத்துக்கொண்டிருந்த வடமாநிலத் தொழிலாளி ஒருவர் இரவு ஷிப்டில் சுருண்டு விழுந்து இறந்துபோனார். இறந்தவர் கழுத்தில் சிலுவை இருந்ததைப் பார்த்த மேஸ்திரி இவரிடம், "நீதான் சர்ச்சுக்குப் போற ஆளாச்சே, ஒரு ஜெபம் சொல்லு" என்றார். உடன் வேலை பார்த்த எட்டுப் பேர் கைகட்டி நின்றார்கள். இவருக்கு வாய் வரவில்லை. அவர்கள் மொழியும் தெரியவில்லை, மரணத்தின் முன் என்ன சொல்வதென்றும் தெரியவில்லை. 'அன்றைக்குச் சொல்லத் தெரியாமல் நின்றதைக் கற்றுக்கொள்ளப் போகிறேன்' என்று கட்டுரையை முடித்திருந்தார்.

தேர்வுக் குழு தேடுவது இத்தகைய பக்கத்தைத்தான். எப்போது, எங்கே, யார் முன்னால் இந்த விருப்பம் உறுதியானது என்பதை எழுதுங்கள். சந்தேகம் வந்த காலம் இருந்தால் அதையும் எழுதுங்கள். வசனங்களை அடுக்குவதைக் குறைத்து, அந்த வசனம் உங்கள் வாழ்வில் எங்கே தைத்தது என்பதைச் சொல்லுங்கள்.

தேர்வும் நேர்காணலும்

பல கல்லூரிகள் நுழைவுத் தேர்வு வைக்கின்றன. வேதாகம அறிவு, மொழித்திறன், பொது அறிவு ஆகியவற்றைச் சோதிப்பார்கள். வகுப்புகள் பெரும்பாலும் ஜூன், ஜூலையில் தொடங்குவதால், ஆண்டின் தொடக்கத்திலேயே கல்லூரி அலுவலகத்தில் கடைசித் தேதியை விசாரித்துக்கொள்ளுங்கள். ஞானஸ்நானச் சான்றிதழையும் திடப்படுத்தல் சான்றிதழையும் முதலில் தேடி எடுங்கள். பழைய சபைப் பதிவேட்டில் பெயர் ஒரு விதமாகவும் பள்ளிச் சான்றிதழில் வேறு விதமாகவும் இருப்பது நம் ஊரில் சகஜம். அதைத் திருத்த நாள் பிடிக்கும்.

நேர்காணலில் கேள்விகள் எளிமையாகத் தோன்றும். உங்கள் சபையில் எத்தனை குடும்பங்கள்? அவர்கள் என்ன வேலை பார்க்கிறார்கள்? ஊரில் சாதிப் பிரச்சினை வந்தால் ஆயர் எங்கே நிற்க வேண்டும்? பக்கத்து வீட்டு இந்துக் குடும்பத்தின் பக்தியைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

கடைசிக் கேள்விக்குக் கோவையிலேயே ஒரு பெரிய பதில் இருக்கிறது. கோவைத் திருமண்டலத்தின் முதல் பேராயர் ஏ.ஜே. அப்பாசாமி. பாளையங்கோட்டையில் பிறந்து ஆக்ஸ்போர்டில் ஆய்வு செய்தவர். யோவான் நற்செய்தியை இந்து பக்தி மரபோடு வைத்துப் படித்ததே அவருடைய ஆய்வு. 1927-ல் அவர் எழுதிய நூல் கிறிஸ்தவத்தை ஒரு பக்தி மார்க்கமாகவே விளக்கியது. உலகத்தின் மிகச் சிறந்த வகுப்பறைக்குப் போனவர் தன் ஊரின் கேள்வியைக் கையோடு கொண்டுபோனார். விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரும் அப்படி ஒரு கேள்வியோடு போக வேண்டும் என்பதே என் ஆசை.

பெண்கள் விண்ணப்பிக்கலாமா?

தாராளமாக. சி.எஸ்.ஐ.யில் பெண்களுக்குக் குருப்பட்டம் உண்டு. 2013-ல் புஷ்பலலிதா நந்தியால் பேராயராகி, இந்தியாவின் முதல் பெண் பேராயர்களில் முன்வரிசையில் நின்றார். கத்தோலிக்கத் திருச்சபையில் குருத்துவம் ஆண்களுக்கு மட்டுமே. இறையியல் படிப்பும் ஆய்வும் பெண்துறவியருக்கும் பொதுநிலையினருக்கும் திறந்திருக்கின்றன. சட்டம் இடம் கொடுத்தும் மகளைத் தயங்கி நிறுத்தும் சேகரங்கள் இன்னும் உண்டு. அந்தத் தயக்கத்தைப் பேசித் தீர்க்க வேண்டிய பொறுப்பு சபைக்குத்தான்.

செலவும் அங்கீகாரமும்

சபை அனுப்பும் மாணவருக்குச் செலவில் ஒரு பகுதியைச் சபையோ திருமண்டலமோ ஏற்கலாம். எவ்வளவு, எத்தனை ஆண்டு, அதற்கு ஈடாக எத்தனை ஆண்டு பணிசெய்ய வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். திருமணமானவர்கள் குடும்பத்தோடு தங்க வளாகத்தில் இடம் உண்டா என்று கேளுங்கள்.

பணம் கட்டும் முன் இன்னொன்றும் கேட்க வேண்டும்: இந்தப் பட்டத்தை வழங்குவது யார்? சில மாதங்களில் 'டாக்டர்' பட்டம் தருவதாகச் சொல்லும் துண்டுப் பிரசுரங்கள் நம் ஊர்களிலும் உலவுகின்றன. கல்லூரி செராம்பூர் செனட்டிலோ ஆசிய இறையியல் சங்கத்திலோ இணைந்ததா என்பதை அந்த அமைப்பிடமே உறுதி செய்யுங்கள். உங்கள் சபை அந்தப் பட்டத்தை ஏற்குமா, நீங்கள் நினைக்கும் மேற்படிப்புக்கு அது செல்லுமா என்பதும் சேரும் முன்பே தெரிய வேண்டும். அமெரிக்காவிலோ கனடாவிலோ படிக்க விரும்பினால், அங்குள்ள இறையியல் கல்லூரிகளின் கூட்டமைப்பின் அங்கீகாரத்தைப் பாருங்கள். அங்கேயும் கட்டுரையும் பரிந்துரைக் கடிதங்களும்தான் விண்ணப்பத்தின் உயிர்.

அந்தத் தாயின் கேள்விக்கு மகன் சம்பளக் கணக்குச் சொல்லவில்லை. எழுதிய பக்கத்தை வாசித்துக் காட்டினார். அவர் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஆயருகிட்ட நானும் வாரேன், கண்ணு" என்றார். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆயர் வீட்டு வாசலில் இரண்டு பேராக நின்றார்கள். பரிந்துரைக் கடிதம் அந்த வாசலில்தான் எழுதப்படத் தொடங்கியது.