பாட்டிலில் ஒரு வடிகட்டி: கேளம்பாக்கத்துக்கு ஏற்ற செயல்விளக்கம்

நீர் வடிகட்டும் அறிவியலை மக்கள் தம் கையால் செய்து பார்க்கக் கேளம்பாக்கம் பொருத்தமான ஊர். கோவளம் செல்லும் சாலையோரம் உப்பளங்கள். சற்று வடக்கே முட்டுக்காட்டுக் கழிமுகம். கலங்கல் நீரும் உப்பு நீரும் அருகருகே கிடைக்கும். ஒரு மேசை, நிழல், ஒன்றரை மணி நேரம் போதும்.

முதல் நாளே மணலையும் ஜல்லியையும் கழுவும் நீர் தெளியும்வரை அலசிக் காயவைக்க வேண்டும். கடற்கரை மணல் உதவாது. அதன் உப்பு பின்னால் வரும் அளவீட்டைக் கெடுத்துவிடும். தேங்காய்ச் சிரட்டைக் கரியை மிளகளவில் உடைத்து, தூள் போகக் கழுவ வேண்டும். 10 கிராம் படிகாரத்தை ஒரு லிட்டர் நீரில் கரைத்து வைக்க வேண்டும்.

தெளியவைப்பதே முதல் நிலை. குளத்து மண் கலக்கிய நீரை மூன்று கண்ணாடிப் பாத்திரங்களில் லிட்டர் கணக்கில் ஊற்றுகிறோம். ஒன்றில் படிகாரக் கரைசல் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி. அதில் ஏறத்தாழ 50 மில்லிகிராம் படிகாரம் இருக்கும். இரண்டாவதில், சொரசொரப்பான மண்சட்டியில் உரைத்தெடுத்த தேத்தாங்கொட்டை விழுது. மூன்றாவதில் எதுவும் இல்லை. மூன்றையும் ஒரு நிமிடம் வேகமாகவும், பத்து நிமிடம் மெதுவாகவும் கலக்க வேண்டும். வேகம் மருந்தைப் பரப்புகிறது. நிதானம் துகள்களைத் திரளச் செய்கிறது. பொறுமையிழந்து வேகத்தைக் கூட்டினால் சேர்ந்த திரள் உடைந்துவிடும். பின் அரை மணி நேரம் அசைக்காமல் விட்டு, பாத்திரங்களின் அடியில் செய்தித்தாளை வைத்து மேலிருந்து படிக்கச் சொல்லலாம். எழுத்து எதில் தெரிகிறதோ அதில் கலங்கல் குறைவு.

படியும் நேரத்தில் வடிகட்டி தயாராகிறது. இரண்டு லிட்டர் பாட்டிலின் அடிப்பகுதியை வெட்டி, மூடியில் காய்ச்சிய ஆணியால் துளையிட்டு, வாய் கீழே வரும்படி நிறுத்த வேண்டும். கீழிருந்து மேலாக: பஞ்சு 2 செ.மீ., கரி 5, நுண்மணல் 7, பருமணல் 4, கால் அங்குல ஜல்லி 3. ஜல்லி மேலே இருப்பதற்குக் காரணம் உண்டு: ஊற்றும் நீரின் வேகத்தைத் தாங்கி, மணல் குழியாமல் காக்கிறது. முதலில் வடியும் ஒரு லிட்டரில் கரித்தூள் இருக்கும், கொட்டிவிடலாம். அதன்பின் தெளிந்த நீரை ஊற்ற வேண்டும். ஒருவர் ஊற்ற, ஒருவர் கடிகாரம் பார்க்கட்டும். துளி துளியாக விழுவதே நல்ல வேகம். அடுத்து ஒரு சொட்டு மை கலந்த நீரை விட்டால், கரி நிறத்தை மங்கச் செய்வதைக் காணலாம்.

இங்கேயே கைதட்டி முடித்துவிடுவது வழக்கம். முக்கியமான நிலை இனிமேல்தான். ஒரு பங்கு கடல்நீரில் ஒன்பது பங்கு கேன் தண்ணீர் சேர்த்து, கரைந்த திடப்பொருளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை அமிழ்த்த வேண்டும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருப்பதால், இக்கலவையில் 3,500 மில்லிகிராம் அளவில் இருக்கும். வடிகட்டிய பின் எவ்வளவு காட்டும் என்று ஒவ்வொருவரும் கரும்பலகையில் எழுதிய பிறகே ஊற்ற வேண்டும். ஏற்கெனவே மணலில் தங்கிய நீரைத் தள்ள ஒரு லிட்டரை வடியவிட்டு அளந்தால், எண் ஏறக்குறைய அப்படியே நிற்கும். கரைந்த உப்பு மணலுக்கும் கரிக்கும் சிக்காது. குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்பது இந்தியத் தர நிர்ணயம்.

தெளிந்த நீரைக் குடித்துப் பார்க்கத் துடிக்கும் சிறுவன் ஒருவன் எல்லாக் கூட்டத்திலும் இருப்பான். அனுமதிக்கக் கூடாது, கிருமிகள் இந்த மணலைத் தாண்டி வரும். கொதிநிலையில் ஒரு நிமிடமாவது கொதிக்கவைத்தாக வேண்டும்.

உப்பைப் பிரிப்பது கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே உள்ள நெம்மேலியில் நடக்கிறது. சவ்வுகளின் வழியே கடல்நீரை மிகுந்த அழுத்தத்தில் செலுத்தும் முதல் ஆலை 2013இலும், அடுத்தது 2024இலும் திறக்கப்பட்டன. நாளொன்றுக்கு முறையே 10 கோடி, 15 கோடி லிட்டர் திறன் கொண்டவை. அங்கும் கலங்கலை நீக்கிய பிறகே நீர் சவ்வுக்குப் போகிறது. இல்லாவிட்டால் சவ்வு அடைத்துக்கொள்ளும்.