சிறை வாசலைத் தாண்டும் கிட்டார்

போதைப்பொருள் வழக்கில் தண்டனை பெற்று, 1975இல் சிறைக்குப் போனார் வேன் கிராமர். அமெரிக்காவின் எம்.சி.5 ராக் குழுவில் கிட்டார் வாசித்தவர். கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் சிறையில் அவருக்கு ஒரு வாத்தியார் வாய்த்தார்: ஜாஸ் மேதை சார்லி பார்க்கரோடு ட்ரம்பெட் வாசித்த ரெட் ராட்னி. அவரும் அங்கே கைதிதான். இருவரும் சேர்ந்து பயிற்சி எடுத்தார்கள், சக கைதிகளுக்கு முன்னால் வாசித்தார்கள்.

கிராமரின் கதையைத் தொட்டு ‘ஜெயில் கிட்டார் டோர்ஸ்’ என்று ஒரு பாட்டுப் போட்டது இங்கிலாந்தின் ‘தி கிளாஷ்’ குழு. 2007இல் சிறைகளுக்குக் கிட்டார் வாங்கித் தரும் இயக்கத்தைத் தொடங்கிய பாடகர் பில்லி பிராக், அந்தப் பெயரையே அதற்கும் வைத்தார். 2009இல் அதன் அமெரிக்கக் கிளையைத் தொடங்கியவர்களில் கிராமரும் ஒருவர்.

கிட்டார் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிற வேலை இல்லை இது. கைதிகள் வட்டமாக உட்கார்ந்து தங்கள் பாட்டைத் தாங்களே எழுதுகிறார்கள். கோபம், குற்றவுணர்வு, பிள்ளையின் நினைப்பு எல்லாம் அதில் வரும். ஒருவருக்குத் தாளம் தப்பினால் எல்லோரும் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து. பக்கத்தில் இருப்பவன் வாசிப்பதைக் காது கொடுத்துக் கேட்காமல் அங்கே எதுவும் நடக்காது. அடிதடியில் வளர்ந்த பலருக்கு இது புதுப் பழக்கம்.

இதையும் தடுத்தார்கள். இங்கிலாந்துச் சிறை அறைகளில் உலோகத் தந்தி கிட்டார்களுக்கு 2013இல் தடை வந்தது. பிராக் முதலிய கலைஞர்கள் போராடிய பிறகு, 2014இல் விலக்கிக்கொள்ளப்பட்டது.

ஆனால் உண்மையான சோதனை விடுதலை நாளில்தான். வெளியே வந்த கிராமரைக்கூடக் குடியும் போதையும் பல வருஷம் விடவில்லை. இத்தனைக்கும் அவர் பேர் பெற்ற கலைஞர். பேர் இல்லாதவன் என்ன செய்வான்? இங்கிலாந்தில் விடுதலையாகிறவர் கையில் கொடுத்த தொகை 46 பவுண்டு. 1995 முதல் 2021 வரை அது ஒரு பவுண்டுகூட ஏறவில்லை. வீடு, வேலை, பழைய கூட்டாளிகள் என எல்லாப் பிரச்சினையும் அன்றைக்கே வாசலில் நிற்கும்.

அந்த இடைவெளியில்தான் ஐரீன் டெய்லர் அறக்கட்டளை கை கொடுக்கிறது. 1995 முதல் சிறைகளில் இசை நடத்தும் இந்த அமைப்பு, ‘சவுண்டிங் அவுட்’ திட்டத்தில் விடுதலையானவர்களைச் சேர்த்து மேடையேற்றுகிறது. ஊதியத்தோடு பயிற்சியும் தருகிறது. நேற்றைய கைதிக்கு வாரத்தில் போய்ச்சேர ஓர் இடம், வருவானா என்று பார்த்திருக்கும் நான்கு பேர், உழைப்புக்குக் காசு.

உள்ளே ஒரு கிட்டார் கொடுப்பது நல்ல காரியம். வெளியே வந்தவருக்கு வாசிக்க இடமும் அதற்குக் கூலியும் கொடுப்பது அதைவிட அவசரமான காரியம். சிறைக்குச் செலவழிக்கிற அரசுகள் முதலில் இதற்குப் பணம் ஒதுக்கட்டும்.