ஒரு முறை சொன்னால் போதும்



பாடசாலை அதிபரின் மேசைக்கு முன்னே நாள்தோறும் எத்தனையோ முறைப்பாடுகள் வந்து சேர்கின்றன. பென்சில் களவு போயிற்று, ஒருவன் மற்றவனைத் தள்ளி விழுத்தினான், வான் பிந்தி வந்தது என்பன போன்றவை அவை. இவற்றை விசாரித்துத் தீர்ப்பது எனக்குக் கைவந்த கலை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பிழையென உணர்த்தியவள் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி.

பல ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த செய்தி இது. அயலவன் ஒருவனால் தனக்கு நேர்ந்த தீங்கை அவள் தன் வகுப்பாசிரியையிடம் கூறினாள். ஆசிரியை அவளை உப அதிபரிடம் அழைத்துச் சென்றார். உப அதிபர் என்னிடம் கூட்டி வந்தார். நாங்கள் மூவரும் சூழ இருந்து, “வடிவாக யோசித்து உண்மையைச் சொல்லு, பிள்ளை” என்று கேட்டோம். தாயார் வந்தபின் அவர் முன்னிலையிலும் சொல்வித்தோம். எங்கள் எண்ணத்தில் கபடமில்லை. ஆயினும் நான்காம் முறை கேட்டபோது அச்சிறுமி நிலத்தைப் பார்த்தபடி, “ஒன்றும் நடக்கவில்லை, சேர்” என்றாள். அதன்பின் அவள் வாய் திறக்கவேயில்லை. நாங்கள் தன்னை நம்பவில்லை என்று கருதினாள் போலும்.

பிள்ளையின் துன்பத்தைக் கேட்டறிவது பயிற்சி வேண்டும் தொழில் என்பதை அன்றுதான் அறிந்தேன். அத்தொழிலைச் செய்வோர் நம் நாட்டிலும் இருக்கின்றனர். அவர்கள் யாவர், என்ன செய்கின்றனர் என்பதைச் சிறிது கூற விரும்புகிறேன்.

சிறுவர் உரிமைகள் பற்றிய உலக உடன்படிக்கையை இலங்கை 1991ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. சிறுவர் துஷ்பிரயோகத்தை ஆராயவென 1996இல் சனாதிபதி செயலணி ஒன்று நியமிக்கப்பட்டது. அதன் பயனாக 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின்படி தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை உருவாயிற்று. அதன் முதல் தலைவர் குழந்தை வைத்திய நிபுணரான பேராசிரியர் ஹரேந்திர டி சில்வா ஆவார்.

இவ்வதிகார சபையின் பணியாளரில் நாம் முதலிற் சந்திப்பவரை நாம் காண்பதில்லை. அவர் குரலை மட்டுமே கேட்கிறோம். 1929 என்னும் இலக்கத்திற்கு இரவிலோ பகலிலோ கட்டணமின்றித் தொலைபேசியில் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம். மறுமுனையில் இருப்பவர், பிள்ளைக்கு இந்த நேரத்தில் ஆபத்து உண்டா என்பதையே முதற்கண் அறிய முயல்வார். உண்டெனிற் பொலிசாருக்கு அறிவிப்பார். ஏனையவற்றை அவ்வவ்விடத்துச் சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தரிடம் ஒப்படைப்பார். கொட்டாஞ்சேனை மக்கள் கொழும்புப் பிரதேச செயலகத்தையும், வெள்ளவத்தை மக்கள் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்தையும் நேரே நாடுதலும் கூடும்.

அடுத்தவர் பொலிஸ் நிலையத்துச் சிறுவர் மகளிர் பிரிவைச் சேர்ந்தவர். வாக்குமூலத்தைப் பதிவுசெய்வதும் குற்றஞ் சாட்டப்பட்டவரைத் தேடுவதும் அவர் கடமை. மூன்றாமவர் சட்ட வைத்திய அதிகாரி. பிள்ளையின் உடலைப் பரிசோதித்து அறிக்கை தருபவர் இவர். காயம் இல்லையெனின் தீங்கும் இல்லை என்று நம்மிற் பலர் கருதுவதுண்டு. அது தவறு. தீங்குற்ற பிள்ளைகள் பலரின் உடலில் அடையாளம் எதுவும் காணப்படுவதில்லை என்பதை வைத்தியர்கள் நன்கு அறிவர்.

நான்காமவர் நன்னடத்தை அலுவலர். பிள்ளையின் வீட்டுச் சூழலை ஆராய்ந்து நீதவானுக்கு அறிக்கை தருபவர் அவர். தீங்கு செய்தவன் அதே வீட்டில் வாழ்பவனாயின் அவர்பாடு பெருஞ் சங்கடமே. பிள்ளையை இல்லமொன்றிற்கு அனுப்பினால், “பிழை செய்தவள் நான்தானோ?” என்று அது ஏங்கும், வீட்டில் விட்டால் மீண்டும் தீங்கு நேரலாம். தாய் வெளிநாட்டில் வேலை செய்ய, முதிய பாட்டியின் பொறுப்பில் வளரும் பிள்ளையெனில் முடிவு மேலும் கடினமாகும்.

இவர்களோடு உளசமூக உத்தியோகத்தரும் இருக்கிறார். பயிற்சி பெற்ற ஒருவர் பிள்ளையுடன் அமைதியான அறையில் உரையாட, அதனை ஒளிப்பதிவு செய்யும் முறையும் உண்டு. 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சாட்சியச் சட்டம் அப்பதிவை நீதிமன்றத்தில் ஏற்க வழிசெய்தது. குறுக்கு விசாரணைக்குப் பிள்ளை முன்வர வேண்டுமாயினும், முழுக் கதையையும் சபையில் முதலிலிருந்து சொல்லும் துன்பம் இதனாற் குறைகிறது.

அவ்வுரையாடலைச் செய்பவர், “அவன் உன்னைத் தொட்டானா?” என்று கேட்கமாட்டார், “என்ன நடந்தது, சொல்லுங்கோ” என்றே கேட்பார். விடையை உள்ளே வைத்த வினா பிள்ளையின் வாயில் நம் சொல்லைத் திணித்துவிடும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி பின்னொரு நாள் அதனையே பற்றிக்கொள்வார். கேட்பவர் திடுக்கிடலாகாது, கண்ணீர் விடலாகாது. பெரியவரின் முகம் மாறுமாயின், தான் சொல்லத்தகாததைச் சொல்லிவிட்டதாகப் பிள்ளை நினைத்து நிறுத்திவிடும். நாள்தோறும் இத்தகைய கதைகளைக் கேட்டும் முகம் மாறாதிருந்து, மாலையில் தம் பிள்ளைகளிடம் திரும்பும் இவர்களின் மனவுறுதி போற்றுதற்குரியது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஹன்ட்ஸ்வில் நகரில் பட் கிரேமர் என்னும் அரச வழக்கறிஞர் இக்குறையை முன்னரே உணர்ந்தார். பொலிஸார், வைத்தியர், சமூக சேவையாளர், வழக்குரைஞர் என்று வாசல் வாசலாகப் பிள்ளை அலைவதைக் கண்டு, அவர்கள் அனைவரும் பிள்ளை இருக்குமிடத்திற்கு வருமாறு 1985இல் ஒரு நிலையத்தைத் தொடங்கினார். இன்று அந்நாட்டில் அத்தகைய நிலையங்கள் 900க்கு மேல் உள்ளன. ஐஸ்லாந்து 1998இல் ‘பிள்ளைகள் வீடு’ என்னும் பெயரில் இம்முறையைக் கைக்கொண்டது. நம் நாட்டிலும் வைத்தியசாலைகளில் இவ்வலுவலர்கள் ஒன்றுகூடி ஒரு பிள்ளையின் நலனை ஆலோசிக்கும் வழக்கம் உண்டு. எனினும் அவர்களின் அலுவலகங்கள் பெரும்பாலும் வேறு வேறு இடங்களிலேயே இருக்கின்றன.

தமிழ்ப் பிள்ளைக்கு இன்னுமொரு சுமை உண்டு. அது தமிழிற் சொல்ல, சிங்களத்தில் எழுதப்படுமாயின், இடையில் நிற்பவரின் சொல்லே ஏட்டில் ஏறும். தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டுமென அரசியலமைப்பில் 1987இல் எழுதப்பட்டுவிட்டது. ஆதலால் வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதுமாறு பெற்றோர் தயங்காது கேட்டல் வேண்டும்.

ஆனால் பெற்றோரின் தயக்கம் வேறிடத்தில் இருப்பதை நான் அறிவேன். “நாலு பேர் அறிந்தால் குமர்ப்பிள்ளையின் எதிர்காலம் என்னாவது?” என்பதே அவர்கள் கவலை. தொடர்மாடியில் ஒரு வீட்டுச் செய்தி மறுவீட்டுக்கு எட்டுவது எளிது. அக்கவலையை நான் இகழமாட்டேன். ஆயினும் நாம் மூடி மறைப்பதால் காக்கப்படுபவன் யார்? அயலிலேயே உலவும் குற்றவாளியன்றோ? அவனுக்கு அடுத்த பிள்ளையும் கிட்டிவிடுகிறது.

பிள்ளை உங்களிடம் வந்து சொன்னால் நீங்கள் செய்யவேண்டியவை சிலவே. இடைமறியாது கேளுங்கள். “நீ சொன்னது நல்லது, பிழை உன்னுடையதன்று” என்று கூறுங்கள். ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடாதீர்கள்; அதனைக் காப்பாற்ற உங்களால் இயலாது. பிள்ளையின் சொற்களையே, திருத்தாது, நாளும் நேரமும் இட்டு எழுதிக்கொள்ளுங்கள். சந்தேகத்திற்குரியவனை நீங்களாகச் சென்று விசாரியாதீர்கள். பின்னர் 1929ஐ அழையுங்கள்.

என் பாடசாலையில் இப்பொழுது ஒரு விதி உண்டு. முதலிற் கேட்ட ஆசிரியர் எவரோ, அவரே கேட்டவர். உப அதிபரும் கேட்பதில்லை, நானும் கேட்பதில்லை. அவர் எழுதிய தாளை மட்டும் வாங்கிப் படித்துவிட்டுத் தொலைபேசியை எடுக்கிறேன். அச்சிறுமிக்கு அன்று இதனைச் செய்யத் தவறினேன். இப்பேச்சைக் கேட்கும் ஆசிரியர் எவரேனும் அத்தவற்றைச் செய்யாதிருப்பின் அதுவே எனக்குப் போதும்.